மதுரை வெயிலில் நீர்வண்ணம்

நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். நைசாக அரைத்த நிறப்பொடியை வேல மர இனத்துப் பிசினில் குழைத்துச் செய்வது நீர்வண்ணம். அதில் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசினால் தண்ணீர் ஆவியாகிவிடும். பிசின் நிறத்தைத் தாளில் மெல்லிய படலமாக ஒட்டவைக்கும். வெளிச்சம் அந்தப் படலத்தை ஊடுருவி, தாளில் பட்டு, மறுபடி அதே படலத்தின் வழியாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. நல்ல நீர்வண்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். படத்தில் எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தாளைத் தொடாமல் விடவேண்டும் என்ற முதல் விதியும், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போகவேண்டும் என்ற இரண்டாம் விதியும் இதிலிருந்தே பிறக்கின்றன. எண்ணெய் வண்ணத்தில் கறுப்பின் மேல் மஞ்சளைப் பூசித் திருத்திக்கொள்ளலாம். இங்கே அடர்ந்ததை வெளிற வைப்பது கடினம்.

மதுரைக்காரருக்கு இதோடு மூன்றாவது விதி ஒன்றும் உண்டு. அது காற்றைப் பற்றியது. நீர்வண்ணப் பாடநூல்களில் பெரும்பாலானவை குளிரும் ஈரமும் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே ஒரு பூச்சு காய நெடுநேரம் ஆகும். அதற்குள் வானத்தையும் மேகத்தையும் நிதானமாகக் கலந்துவிடலாம். மதுரையின் காளவாசல் பகுதியில் ஒரு மாடி அறையில், சித்திரை மாதத்து நடுப்பகலில், தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற, அதே பாடத்தைச் செய்பவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். தாளின் அடிப்பகுதிக்குத் தூரிகை வருமுன் மேற்பகுதி காய்ந்து கோடு விழுந்துவிடும். கற்றுக்கொள்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். கையில் குறை இல்லை. மதுரைச் சமவெளியின் வறண்ட காற்றுக்கு ஏற்றபடி நேரத்தையும் தண்ணீரையும் மாற்றிக்கொள்ளப் பழகினால், இங்கும் மென்மையான பூச்சுகள் கைவரும்.

பொருட்களில் காகிதத்துக்குத்தான் முதலில் பணம் ஒதுக்கவேண்டும். பள்ளி டிராயிங் நோட்டின் தாளிலும் சாதாரணக் கார்ட்ரிட்ஜ் தாளிலும் தண்ணீர் பட்டதும் தாள் மேடுபள்ளமாக உப்பிக்கொள்ளும். பள்ளத்தில் வண்ணம் தேங்கும். நீர்வண்ணத்துக்கென்று செய்த 300 ஜி.எஸ்.எம். தாள் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கும். பருத்தி நாரில் செய்த தாள் மரக்கூழ்த் தாளைவிட ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். மதுரையில் அந்தச் சில நிமிடம் பெரிய வரவு. பருத்தித் தாள் விலை அதிகம் என்பதால் முழுத் தாளை வாங்கி எட்டாக வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். வழவழப்பானது, மிதமான சொரசொரப்புள்ளது, முரடானது என்று மூன்று வகை உண்டு. பழகுபவருக்கு நடுவகை போதும். மெல்லிய தாள்தான் கையில் இருக்கிறது என்றால், அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரமும் பசைநாடா ஒட்டி நிழலில் உலர்த்தவேண்டும். காயும்போது தாள் இறுகி, பிறகு உப்பாது. வெயிலில் வைத்தால் வேகமாக இறுகி ஓரத்தில் கிழிந்துவிடும்.

தூரிகை இரண்டு போதும்: கூர்முனை உள்ள உருண்டைத் தூரிகை ஒன்று, எண் 8 அல்லது 10, ஓர் அங்குல அகலத்தில் தட்டையானது ஒன்று. தொடங்குபவர்கள் சின்னச் சின்னத் தூரிகைகளாக வாங்கிக் குவிப்பது வழக்கம். சின்னது கொஞ்சம் தண்ணீரையே பிடிக்கும். நாலு இழுப்பில் வற்றிவிடும். பெரிய தூரிகையின் நல்ல கூர்முனையாலேயே மெல்லிய கோடும் போடலாம். வண்ணம் கேக்காக இருந்தாலும் டியூபாக இருந்தாலும் வேறுபாடு பெரிதில்லை. 1931இல் தொடங்கிய காம்லின் நிறுவனத்தின் கேமல் வண்ணங்கள் இந்தியாவில் மூலைமுடுக்குக் கடைகளிலும் கிடைக்கின்றன. பெட்டியில் இருபத்துநான்கு நிறம் இருப்பதைவிட, எட்டு நிறத்தை நன்றாக அறிந்திருப்பது பயன் தரும். லெமன் யெல்லோ, அதைவிடச் சூடான ஒரு மஞ்சள், ஸ்கார்லெட் அல்லது வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன், புருஷியன் புளூ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா: மதுரையைச் சுற்றியுள்ள எதையும் இவற்றில் கலந்துவிடலாம். கறுப்பு வேண்டியதில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு அருகில் போகும்.

தண்ணீருக்கு இரண்டு டப்பா வைத்துக்கொள்ளவேண்டும், ஒன்று தூரிகை கழுவ, மற்றது சுத்தமாகக் கலக்க. போர்வெல் உப்புத் தண்ணீரில் சில நிறங்கள் திரிந்து பொரிப்பொரியாகத் தாளில் படியும். குடிக்கிற தண்ணீரைப் பயன்படுத்துவதே நல்லது.

எல்லா உத்திகளும் தாளின் ஈரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. தாளைக் கண் மட்டத்துக்குச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் ஈரம் தெரியும். தண்ணீர் தேங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும்போது இடும் வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும். அது வானத்துக்கு ஏற்ற நேரம். பளபளப்பு சீராகித் தேக்கம் இல்லாதபோது வண்ணம் மெதுவாகப் பரவி, ஓரம் மங்கி நிற்கும். மேகம், தூரத்து மரம், நீரில் தெரியும் பிம்பம் எல்லாம் இந்த நிலைக்குரியவை. பளபளப்பு அடங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலைதான் ஆபத்தானது. அப்போது தண்ணீர் கூடுதலாக உள்ள தூரிகையை வைத்தால், அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கோணல்மாணலான கறை விடும். புதிதாகப் பழகுபவரின் படங்களில் பாதி இந்தக் கறையால் கெடுகின்றன. அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொள்வது, அல்லது தாளில் உள்ளதைவிடக் கெட்டியான வண்ணத்தை மட்டும் வைப்பது, இரண்டே வழி. முழுக்கக் காய்ந்தபின் வைக்கும் நிறம் கூர்மையான ஓரத்தோடு நிற்கும். காய்ந்துவிட்டதா என்று அறியப் புறங்கையைத் தாளுக்குமேல் வைத்துப் பார்க்கலாம், குளிர்ச்சி இருந்தால் ஈரம் இருக்கிறது.

கலவையின் பதமும் இதோடு சேர்ந்தது. ஆசிரியர்கள் டீ, பால், தயிர் என்று மூன்று பதம் சொல்வது வழக்கம். முதல் பூச்சு டீயின் நீர்மை. அடுத்தது பாலின் அடர்த்தி. கடைசியில் இடும் சில கருந்தீற்றுகள் தயிரின் கெட்டித்தனம். தாள் காயக் காய வண்ணமும் கெட்டியாகவேண்டும். ஈரமான வண்ணம் காய்ந்தபின் ஒரு சாயல் வெளிறிவிடும் என்பதால், பூசும்போதே சற்று அதிகமாக அடர்ந்திருந்தால்தான் பிறகு சரியாக இருக்கும்.

இந்த நிலைகளை மதுரையில் நீட்டிப்பதற்குச் சில வழிகள் உண்டு. தாளின் முன்புறம் மட்டும் நனைக்காமல் பின்புறத்தையும் நனைத்து, நெகிழித் தகட்டின்மேலோ சிரமிக் ஓட்டின்மேலோ ஒட்டவைத்தால் ஈரம் இரண்டு மூன்று மடங்கு நேரம் நிற்கும். முதல் நனைப்பை உடனே தாள் உறிஞ்சிவிடும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை நனைத்த பிறகே வண்ணத்தைத் தொடவேண்டும். வேண்டிய நிறங்களை முன்கூட்டியே, வேண்டியதைவிட அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். பூச்சின் நடுவே கலக்க உட்கார்ந்தால் தாள் காத்திருக்காது. மின்விசிறியை நிறுத்துவது சிரமம்தான், ஆனால் முதல் பத்து நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். கலக்கும் தண்ணீரில் ஓரிரு சொட்டு கிளிசரின் விட்டால் உலர்வது தாமதமாகும். அதிகம் விட்டால் படம் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். வெளியிடத்தில் வரைபவருக்குக் காலை ஒன்பதுக்குள் நேரம் நல்லது. சாய்வான வெளிச்சம் நீண்ட நிழல் தரும், காற்றும் அவ்வளவு வறண்டிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். அப்போது பூச்சு காயவே காயாது. பொறுமை இழந்து அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் கலந்து சேறாகும்.

முதல் வாரத்துக்குப் படம் எதுவும் வேண்டாம், பூச்சு மட்டும் பழகினால் போதும். பலகையின் மேற்பக்கத்தை இரண்டு புத்தகம் அளவுக்கு உயர்த்தி, தட்டைத் தூரிகை நிறைய வண்ணம் எடுத்து மேலே ஒரு கோடு இழுக்கவேண்டும். கோட்டின் கீழ் ஓரத்தில் வண்ணநீர் மணிமணியாகத் திரண்டு நிற்கும். அடுத்த கோடு அந்தத் திரட்சியைத் தொட்டு அதைக் கீழே இறக்கிக்கொண்டு போகவேண்டும். கடைசியில் மிஞ்சும் நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிட்டால் சீரான பூச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே போனால் மேலே அடர்ந்து கீழே வெளிறும் பூச்சு கிடைக்கும், அதுவே வானம். போன கோட்டுக்குத் திரும்பிப் போய்த் தேய்க்கக் கூடாது என்பதைக் கை ஏற்றுக்கொள்வதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அடுத்து நிழலும் வெளிச்சமும். இதற்கு மதுரையோடு தொடர்புடைய நல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் தென்னிந்தியப் பயணத்தின்போது மதுரைக்கு வந்தார்கள். சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தையும் வரைந்தார்கள். பின்னர் லண்டனில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 அச்சுப்படங்களில் மதுரைக் காட்சிகளும் இடம்பெற்றன. உருவங்களைச் சரியான அளவில் பிடிக்க அவர்கள் இருட்டுப்பெட்டிக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில் விழும் பிம்பத்தைப் பென்சிலால் கோடெடுத்து, நிழல் பகுதிகளில் சாம்பல் நிறப் பூச்சை ஏற்றி, பிறகே மெல்லிய வண்ணங்களை அதன்மேல் பூசினார்கள். அக்காலத்து ஆங்கிலேய நீர்வண்ணக்காரர்களின் பொதுவான முறை அது. படம் முழுவதன் அமைப்பும் சாம்பலிலேயே முடிந்துவிடுவதால், வண்ணம் கடைசியில் வெறும் சாயமாக ஏறினாலும் கட்டடம் கனமாக நிற்கும்.

பிற்கால ஓவியர்கள் இந்த முறையைப் பழையது என்று ஒதுக்கினார்கள். ஆனால் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு இல்லை. ஒரே நேரத்தில் நிறம், அடர்த்தி, ஈரம் மூன்றையும் சமாளிக்க முடியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாம்பல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் நிறத்தைப் பற்றிய கவலை போய்விடுகிறது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, தாளின் வெள்ளை, நடுச்சாம்பல், அடர்சாம்பல் என்று மூன்றே அடர்த்தியில் ஒரு காட்சியை முடிக்கவேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரியும்.

மகாலின் தூண்களே இதற்குச் சரியான பாடம். பருத்த, உயரமான, வெள்ளைச் சுதை பூசிய தூண்கள்; முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது. வெளிச்சம் படும் பக்கத்தைத் தாளாகவே விட்டுவிட்டு, தூணின் மற்றப் பகுதியைச் சுத்தத் தண்ணீரால் நனைத்து, நிழலின் அடர்ந்த இடத்தில் ஒரே இழுப்பாகச் சாம்பலை விட்டால், ஈரத்தில் அது வெளிச்சத்தை நோக்கி மங்கிக்கொண்டு போகும், தூண் உருண்டுவிடும். நிழல் பக்கத்தின் கடைசி ஓரம் கொஞ்சம் வெளிறியிருப்பதைக் கவனிக்கவேண்டும். தரையில் பட்ட வெளிச்சம் தெறித்து அங்கே ஏறுகிறது. காய்ந்தபின் அந்த ஓரத்தில் யெல்லோ ஆக்கரை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்தால் சுதையின் வெதுவெதுப்பு வந்துவிடும். காய்ந்த பூச்சின்மேல் இப்படி இன்னொரு மெல்லிய பூச்சை ஏற்றும்போது ஒரே இழுப்பில் முடிக்கவேண்டும். இரண்டாம் முறை தேய்த்தால் அடியில் உள்ளது கரைந்து எழும்பும்.

கோடு நன்றாக வருபவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. மதுரையில் 1936இல் பிறந்த மனோகர் தேவதாஸ் தம் ஊரின் தெருக்களையும் கோயிலையும் குளங்களையும் பேனாவாலும் மையாலும் நுணுகி நுணுகி வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே போன காலத்திலும் வரைவதை அவர் நிறுத்தவில்லை. 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022இல் மறைந்தார். தண்ணீரில் கரையாத மையால் கோடு போட்டு, காய்ந்தபின் அதன்மேல் தளர்வாக வண்ணம் பூசுவது கோடு-பூச்சு முறை. கோடு உருவத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்ணம் எல்லை தாண்டினாலும் அழகாகவே இருக்கும். சாதாரண இங்க் பேனா இதற்கு ஆகாது, கரைந்து பரவிவிடும்.

மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களை வரைய ஆசைப்படாத மதுரைக்காரர் இல்லை. தொடக்கத்திலேயே அதில் இறங்கித் தோற்காதவரும் குறைவு. உயரமான தெற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைந்தால் வண்ணப்புள்ளிகளின் கூட்டம்தான் மிஞ்சும். முதலில் கோபுரம் முழுவதையும் ஒரே உருவமாக, வெளிர் ஆக்கரில் பூசவேண்டும். ஈரம் இருக்கும்போதே அங்கங்கே சிவப்பு, நீலம், பச்சைத் துளிகளை விட்டுப் பரவவிடலாம். காய்ந்தபின் நிழல் விழும் பக்கம் முழுவதையும் நீலச்சாம்பலால் ஒரே பூச்சில் மூடவேண்டும். கடைசியாக, பார்வை முதலில் போய் நிற்கும் ஓரிடத்தில் மட்டும் நாலைந்து சிற்பங்களைக் கூர்மையாகத் தெரியவிட்டால், மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

காளவாசல் சந்திப்பும் வரைபவருக்கு விருந்துதான். 2020இல் திறந்த மேம்பாலத்தின் நீண்ட கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி ஓடுவதால் தூரக்குறுக்கத்தை அங்கே நேராகவே படிக்கலாம். பாலத்தடியின் நிழல் பெரிய ஒற்றைப் பரப்பு. ஆட்களைத் தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்குக் கீழ்நோக்கிக் குறுகும் ஒரு தீற்று என்று வைத்தால் நடமாட்டம் வந்துவிடும். எல்லாத் தலைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், தூரத்து ஆளின் கால் மட்டும் மேலே ஏறும். காலடியில் ஈரம் காயுமுன் நிழலை இழுத்துவிட்டால் ஆள் தரையில் நிற்பார். கடைப்பலகைகளில் எழுத்து எழுதக் கூடாது. எழுதினால் கண் படத்தைப் பார்க்காமல் பலகையைப் படிக்கத் தொடங்கிவிடும்.

அங்கிருந்து தேனி சாலையில் மேற்கே போனால் நாகமலை வருகிறது. தூரம் கூடக்கூட நிறங்கள் வெளிறி நீலம் ஏறும் என்பதை நேரில் பார்க்க நல்ல இடம். மலைக்கு அல்ட்ராமரைனில் கிரிம்சன் துளி கலந்து நன்றாக நீர்க்கவைத்த பூச்சு போதும். முன்னே நிற்கும் வேப்பமரத்துக்கு மட்டும் அடர்ந்த பச்சை. டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் பச்சைப்பசேல் என்று செயற்கையாகத் தெரியும். அதில் பர்ன்ட் சியன்னா கொஞ்சம் சேர்த்தால் நம்மூர் இலையாகும். சோழவந்தான் பக்கத்து நாற்றங்காலுக்கு லெமன் யெல்லோவில் புருஷியன் புளூ ஒரு துளி. அங்குள்ள வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அதே கலவையில் நீலத்தைக் கூட்டிச் சியன்னா சேர்க்கவேண்டும். வறண்ட வைகையின் மணலுக்கு நீர்த்த ஆக்கர். மணலின் நிழல்களில் மட்டும் கொஞ்சம் ஊதா.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிக் கீழக்குயில்குடிக்குத் திரும்பினால் சமணர் மலை. பாறை, ஆலமரம், தாமரைக் குளம் மூன்றும் அடிவாரத்தில் ஒன்றாகக் கிடைக்கின்றன. மூன்றுக்கும் மூன்று உத்தி வேண்டும். பாறையை ஆக்கரும் சாம்பலும் கலந்த பூச்சில் முடித்து, காய்ந்தபின் பிழிந்த தூரிகையைப் படுக்கவைத்து உரசினால் தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பிடித்துச் சொரசொரப்புத் தெரியும். ஆலமரத்தில் இலைகளை எண்ணாமல் நிழல் திரள்களைப் பார்க்கவேண்டும். நடுவே வானம் தெரியும் ஓட்டைகளை விட மறந்தால் மரம் மூச்சுமுட்டிப்போகும். தாமரை இலைகளைப் பூசவே வேண்டாம். குளம் முழுக்க வெளிர்பச்சை பூசிக் காயவிட்டு, இலைகளுக்கு இடையே தெரியும் கருநீரை மட்டும் அடர்ந்த நிறத்தால் நிரப்பினால் இலைகள் தாமாக எழுந்துவரும். சுற்றுப்புறத்தைப் பூசி உருவத்தைக் கொண்டுவரும் இந்த முறைதான் நீர்வண்ணத்தின் தனித்த சுகம். பிடிபடக் கொஞ்சம் நாளாகும், பிடிபட்டபின் மல்லிகைப் பந்தலும் கம்பிவேலியும்கூட எளிதாகிவிடும்.

சிறு உத்திகள் சில உண்டு. மெழுகுவத்தியால் தாளில் கோடு போட்டுவிட்டுப் பூசினால் அந்த இடம் வண்ணத்தை ஏற்காது. ஈரப்பூச்சில் கல்லுப்பைத் தூவினால் பூப்பூவாகப் படியும். மதுரைக் கோடையில் பளபளப்பு இருக்கும்போதே தூவவேண்டும். வெள்ளை இடத்தைக் காக்க ரப்பர்க் கரைசல் பூசுபவர்கள் அதை அன்றைக்கே உரித்துவிடவேண்டும். சூட்டில் அது தாளோடு இறுகி, பிறகு தாளையே உரித்துக்கொண்டு வரும். தவறு நேர்ந்தால், ஈரமாக இருக்கும்போது டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். காய்ந்தபின் ஈரத்தூரிகையால் இதமாகத் தேய்த்து ஒற்றினால் அல்ட்ராமரைன் பெரும்பாலும் வந்துவிடும், புருஷியன் புளூ தாளில் ஊறிக்கொள்ளும். கண்ணில் ஒளிப்புள்ளி, மூக்குத்தி மின்னல் போன்றவற்றுக்குக் கடைசியில் வெள்ளை போஸ்டர் கலரை ஒரு புள்ளி வைப்பதில் தவறில்லை.

முடித்த படத்துக்கும் மீதித் தாளுக்கும் மதுரையில் மூன்று எதிரிகள். மழைக்கால ஈரத்தில் தாளின் பசைப்பூச்சு பூஞ்சையால் கெட்டுப்போகும். அந்தத் தாளில் வண்ணம் உறிஞ்சுதாளில் போலத் திட்டுத்திட்டாக இறங்கும். ராமபாணப் பூச்சி அந்தப் பசைக்காகவே தாளைச் சுரண்டும். தாளை நெகிழி உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் இரண்டையும் தடுக்கலாம். மூன்றாவது, வெயில். கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் கண்ணாடியைத் தொடாமல் அட்டை விளிம்பு வைத்து மாட்டினாலும், நேர்வெயில் படும் சுவரில் நிறம் வெளிறும். டியூபின்மேல் ஒளிதாங்கும் தரம் குறித்திருப்பார்கள், அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். அளவில் 1, 2 என்றால் நம்பலாம். அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்பு, ஆனால் மங்கும் என்று பேர்வாங்கியது. தரம் குறிக்காத வண்ணத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எல்லா நிறத்திலும் ஒரு பட்டை பூசி, பட்டைகளின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடவேண்டும். பங்குனியில் ஒட்டி ஆவணியில் கறுப்புத் தாளை எடுத்துப் பார்த்தால், எந்த நிறத்தை இனி வாங்கலாம், எதை விடலாம் என்பது தெரிந்துவிடும்.